மாடத்தி கட்டின மூணு சேலை

ராசாமாரு ஆண்ட காலத்துல, உப்பளத்துக்குப் பக்கத்துல ஓர் ஊரு. அந்த ஊர்ல மாடத்தின்னு ஒருத்தி உப்பு வித்துக்கிட்டு இருந்தா. வீட்டுல கட்ட ஒரு கந்தல், வெளிய கட்ட ஒரே ஒரு சேலை, அவ்வளவுதான் அவ சொத்து. அந்தச் சேலைக்கு ஒரு ஓரம் செவப்புக்கரை, மறு ஓரம் பச்சைக்கரை, நடுவுல பூவு. அதைச் சோத்துக்கஞ்சியில முக்கிக் காய வெச்சு, மடிச்சு அம்மிக்கல்லுக்கு அடியில வெச்சு எடுப்பா பாருங்க, மொடமொடன்னு நிக்கும். குடிக்கிறது கூழுதான். ஆனா தேச்சுப் பளபளன்னு வெச்ச வெங்கலக் கிண்ணியில, சுட்ட கருவாட்டை ஓரமா வெச்சு, சம்மணம் போட்டு உக்காந்து ரசிச்சுக் குடிப்பா. அப்படி ஒரு மகராசி!

அதே ஊர்ல படைத்தலைவரு தளவாயோட பொண்டாட்டி சொர்ணத்தம்மா. ஒன்பது பெட்டி நெறையப் பட்டு, முகத்துல மட்டும் சிரிப்பு இல்ல. அவ மொத நாள் பாத்தா, மாடத்தி செவப்புக்கரையில போறா. மறுநாள் பாத்தா, பச்சைக்கரையில போறா. மூணாம் நாள் பாத்தா, வெளிறின மங்கப்பூ போட்ட சேலையில போறா. "உப்புக்காரிக்கு நாளுக்கொரு சேலையா?"ன்னு வயிறு எரிஞ்சு போச்சு. பொறாமைக்குக் கண்ணு ஏது?

நேரா ராசாகிட்ட போய், "என் பெட்டியில இருந்த மூணு சேலையை மாடத்தி திருடிட்டா. செவப்புக்கரை ஒண்ணு, பச்சைக்கரை ஒண்ணு, மங்கப்பூ ஒண்ணு"ன்னு கற்பூரம் அணைச்சுச் சத்தியமே பண்ணிட்டா, பாவி!

திருடினா அந்த ஊர்ல மொட்டையடிச்சு, கழுதை மேல ஏத்தி, எல்லைக்கு வெளிய துரத்திருவாங்க. மாடத்திக்குப் பிள்ளையில்ல, குட்டியில்ல. ஊரை விட்டா எங்க போவா, சொல்லுங்க?

சேவகனுங்க வீட்டைக் கொடஞ்சு பாத்தா, கந்தல்தான் இருக்கு. ராசா அவளைக் கூப்பிட்டு, "மூணு சேலையும் எங்கம்மா?"ன்னாரு.

"மூணையும் கட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன் மகராசா. ராணியம்மா கூட வந்து பாக்கட்டும்"னா மாடத்தி.

செவப்புக்கரையோட ராணியைக் கூட்டிக்கிட்டு உள்ள போனா, கீழ் ஓரத்தை மேலாக்கிக் கட்டிக்கிட்டுப் பச்சைக்கரையோட வந்தா. திரும்பப் போனா, உள்பக்கத்தை வெளிய திருப்பிப் பின்கொசுவம் வெச்சு மங்கப்பூவோட வந்தா. "சேலை ஒண்ணுதாங்க, நானே பாத்தேன்"னு ராணி சிரிக்கிறா, சபையே சிரிக்குது.

ராசா திரும்பி, "ஏம்மா சொர்ணம், உன் பெட்டியில மூணா இருந்தது, இவ மேல வந்ததும் ஒண்ணாயிருச்சோ?"ன்னாரு. "பொய்ச் சத்தியத்துக்கு ஒன்பது பெட்டியும் ஊர்ப் பொண்ணுங்களுக்கு. உனக்கு ஒரு வருசம் ஒத்தைச் சேலை!"ன்னு தீர்ப்பு சொல்லிட்டாரு.

ஒன்பதாம் நாளு, கசங்கின சேலையும் கலைஞ்ச தலையுமா சொர்ணத்தம்மா மாடத்தி வாசல்ல வந்து நின்னா. "தப்புப் பண்ணிட்டேன்டி. உங்கிட்ட இவ்வளவுதான் இருந்தாலும் நீ மட்டும் எப்படி நிறைஞ்சு இருக்க?"ன்னு கேட்டா. நானா இருந்தா கதவைச் சாத்தியிருப்பேன். மாடத்தி என்ன செஞ்சா தெரியுமா? "உக்காருங்க தாயி"ன்னு பின்னால உக்காந்து, எண்ணெய் வெச்சு, மெல்ல மெல்லச் சிக்கெடுத்து விட்டா. அந்தத் தலையை ஆசையாத் தொட ஒன்பது பெட்டிக்காரிக்கு இத்தனை வருசமா ஒருத்தர் இல்ல போல. குலுங்கிக் குலுங்கி அழுதா, அழுது முடிச்சு மொத தடவையாச் சிரிச்சா.

அவளும் வாழ்ந்தா, இவளும் வாழ்ந்தா, கேட்ட நீங்களும் குறையில்லாம வாழுங்க. இருக்கிறதை ஆசையா அனுபவிக்கிறவதான் பணக்காரி, ஆமா.