ஆடிப்பெருக்குப் படத்தின் வலது ஓரம்

மாவு மில்லுக்கு மேலே இருந்த மாடி அறையில் அருள்நங்கை என்பவர் வாடகைக்கு இருந்தார். காலையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்காரக் கற்றுக்கொடுப்பார். கீழே மில் ஓடினால் தரை அதிரும். "அதிரட்டும், உட்காருங்க" என்பார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அவரிடம் வருகிறவர்களில் மூத்தவர் கலியமூர்த்தி. அவருக்கு அறுபத்து நான்கு.

ஊரின் பழைய போட்டோ ஸ்டுடியோ கலியமூர்த்தியுடையது. அப்பா எடுத்த நெகட்டிவ்களெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஆற்றங்கரை மண்டபத்தில் ஒரு வாரம் கண்காட்சி வைத்தார். பழைய படத்துக்குப் பக்கத்தில் அதே இடத்தின் இன்றைய படம்.

மணல் திட்டு இருந்த இடத்தில் இப்போது பள்ளம். பரிசல் கட்டிய இடத்தில் ஆகாயத்தாமரை. படித்துறையின் கடைசி ஆறு படிகளைப் பிளாஸ்டிக் குப்பை மூடியிருந்தது.

வந்தவர்கள் கண் கலங்கினார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் கலியமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட ஊருய்யா இது" என்றார்.

எல்லோரும் அதிக நேரம் நின்றது ஒரே படத்தின் முன்னால். ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஆடிப்பெருக்கு. மேல்படி வரைக்கும் புதுவெள்ளம். படி முழுக்க ஜனம்.

மூன்றாம் நாள் மாலை அருள்நங்கை வந்தார். கலியமூர்த்தி அவரை நேராக அந்தப் படத்துக்கு அழைத்துப் போனார்.

"இந்த ஊர் எங்கம்மா போச்சு?" என்று கேட்டார்.

அருள்நங்கை படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா, இவங்க யாரும் ஆத்தைப் பார்க்கலையே."

"என்னம்மா?"

"ஆடிப்பெருக்கு. வெள்ளம் இப்படிப் போகுது. எல்லாத் தலையும் வலது பக்கம் திரும்பி இருக்கு. அங்க என்ன?"

கலியமூர்த்தி படத்தைப் பார்த்தார். "தெரியலம்மா. அப்பா எடுத்தது" என்றார்.

அருள்நங்கை தலையசைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

மறுநாள் காலை எல்லோரும் உட்கார்ந்து எழுந்து போன பிறகும் கலியமூர்த்தி போகவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து அருள்நங்கை முன்னால் வைத்தார்.

"நேத்து பொய் சொல்லிட்டேன்."

உறைக்குள் நெகட்டிவ் இருந்தது. அருள்நங்கை அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஆறு கறுப்பாகத் தெரிந்தது. மனிதர்களின் தலைமுடி வெள்ளையாக இருந்தது. மாட்டியிருந்த படத்தைவிட இது அகலம்.

"இது யாரு? கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறது."

"நான்தான்."

"கையில?"

"கல்லு."

"இந்தப் பக்கம் மணல்ல ரெண்டு பேர் தெரியுது."

"காலனிப் பொண்ணுங்க. குடத்தோட வந்தாங்க. அவங்க சுடுகாட்டுக்குக் கீழ இருக்கற துறையிலதான் தண்ணி எடுக்கணும். அன்னிக்கு வெள்ளத்துல அது முழுகிடுச்சு. அதனால படித்துறை வரைக்கும் வந்துட்டாங்க. விரட்டுடான்னு யாரோ சத்தம் போட்டாங்க. எனக்குப் பதினாலு வயசு. குறி பார்த்து அடிக்கறதுல கெட்டிக்காரன்."

"பட்டுதா?"

"குடத்துல. உடைஞ்சுபோச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. முதுகுல தட்டிக்கொடுத்தாங்க." நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சும்மா."

மில் ஓட ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது. அவர் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"அப்பா இந்த ஓரத்தை வெட்டிட்டுத்தான் பிரிண்ட் போட்டார். ஸ்டுடியோ வாசல்ல இருபது வருஷம் தொங்குச்சு. நானும் அதே இடத்துல வெட்டினேன். அளவு பார்க்கக்கூட இல்ல. கை தானா அங்க போச்சு."

"அந்தப் பொண்ணுங்க பேரு?"

"தெரியாது."

அருள்நங்கை நெகட்டிவை உறையில் போட்டு அவரிடமே கொடுத்தார்.

"கேட்டுட்டு வாங்க."

"கேட்டு?"

"முதல்ல கேட்டுட்டு வாங்க, ஐயா."

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் காலனி. அறுபத்து நான்கு வருஷமாக அதே ஊரில் இருந்தும், வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க ஒரே ஒரு முறைதான் கலியமூர்த்தி அங்கே போயிருக்கிறார். அன்றைக்கும் பள்ளிக்கூடத்து வராந்தாவிலேயே வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டு ஒரு பைக்குள் வைத்து எடுத்துப் போனார். டீக்கடையில் விசாரித்தார். மூன்றாவது வீட்டில், "கொளஞ்சியம்மாகிட்ட காட்டுங்க. அந்தக் காலத்து ஆளு அவங்கதான்" என்றார்கள்.

கொளஞ்சி வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. கலியமூர்த்தியைப் பார்த்ததும் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஸ்டுடியோக்காரர்தானே? உட்காருங்க சார். தண்ணி குடிக்கறீங்களா?"

டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். "கேன் தண்ணிதான் சார். எங்க குழாய்ல உப்பு. உங்க பக்கம் எப்படி?"

"எங்களுக்கும் கேன்தான்."

"ஆத்துல தண்ணி போனப்ப எங்களைக் கிட்ட விடல. இப்ப எங்க வேணும்னாலும் எறங்கலாம். தண்ணிதான் இல்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

கலியமூர்த்தி தண்ணீரைக் குடித்து முடித்தார். படத்தை எடுத்துக் கொடுத்தார்.

கொளஞ்சி முதலில் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டே கொண்டுவந்தார். புளி ஒட்டிய விரல்களைப் புடவையில் துடைத்துவிட்டு, ஒரு விரலை மட்டும் படத்தின் மேல் மெல்ல வைத்தார்.

"அக்கா."

கலியமூர்த்தி குனிந்து பார்த்தார்.

"எங்க அக்கா சார் இது. பூங்காவனம். பின்னால ஓடறேன் பாருங்க, முதுகு மட்டும் தெரியுது, அது நான்." கண்களைத் துடைத்துக்கொண்டார். "அக்கா முகமே எனக்கு மறந்துபோச்சு சார். எத்தனையோ தடவை நெனச்சுப் பார்ப்பேன், வராது. வீட்டுல ஒரு படம் கிடையாது. இப்படித்தான் இருந்திருக்கா. எங்கம்மா மூக்கு."

"அவங்க இப்ப..."

"இல்ல சார். அன்னிக்குக் குடம் உடைஞ்சுதுன்னு அம்மா அடிச்சா. அப்புறம் எங்களை ஆத்துப் பக்கமே அனுப்பல. செங்கல் சூளைக் குட்டையில மொண்டுக்கிட்டோம். அடுத்த கோடையில அக்காவுக்கு வாந்தி பேதி. மூணே நாள். பதிமூணு வயசு."

கலியமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

"இந்தக் கை என்னுது."

கொளஞ்சி நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அதில் இருந்த பையனையும் எதிரே நின்ற கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்க" என்றார் கலியமூர்த்தி.

கொளஞ்சி அதற்குப் பதில் சொல்லவில்லை. படத்தில் அந்தக் கையை விரலால் மறைத்துப் பார்த்தார்.

"இந்தக் கையை எடுத்துட்டு எங்க அக்காவை மட்டும் கொடுக்க முடியுமா?"

"முடியும்."

"அப்ப கொடுங்க."

கொளஞ்சி படத்தை அவரிடம் நீட்டினார். திரும்பிப் போய் உட்கார்ந்து புளியை உடைக்க ஆரம்பித்தார். போய் வாருங்கள் என்று சொல்லவில்லை. கலியமூர்த்தி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காலி டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலி மேலேயே வைத்துவிட்டு நடந்தார்.

அன்று மண்டபத்துக்கு அவர் போகவில்லை. சாயங்காலம் மாடிப்படி ஏறி அருள்நங்கை முன்னால் உட்கார்ந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"பேரு கேட்டுட்டேன். பூங்காவனம்."

அருள்நங்கை கண்களை மூடிக்கொண்டார். ஒரு முறை அந்தப் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பதுபோல அவர் உதடுகள் அசைந்தன.

"மன்னிப்புக் கேட்டேம்மா. அவங்க ஒண்ணும் சொல்லல."

"சொல்லணும்னு எதிர்பார்த்தீங்களா?"

கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா. அதுக்குத்தான் போனேன்னு திரும்பி வர்ற வழியிலதான் தெரிஞ்சுது."



"கண்காட்சியை மூடிடறேன்" என்றார் கலியமூர்த்தி. "எல்லாப் படத்தையும் இன்னிக்கே கழட்டிடறேன். அந்த ஜனங்க வந்து ஐயோ என் ஊரேன்னு அழும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுது."

"அந்தம்மா மூடச் சொன்னாங்களா?"

"இல்ல."

"என்ன கேட்டாங்க?"

"அக்காவை மட்டும்."

"கொடுத்தாச்சா?"

"இல்லம்மா. அங்கதான் எனக்குக் குழப்பம்." கையிலிருந்த படத்தை விரித்தார். "ஐம்பது வருஷமா அப்பாவும் நானும் என் கையை வெட்டி மறைச்சுட்டே வந்தோம். இப்ப மறுபடியும் வெட்டச் சொல்றாங்க. கத்தரிக்கோலை எடுத்தேன், முடியல. இதுவும் மறைக்கறதுதானே? முழுசாக் கொடுத்தாத்தானே உண்மை?"

"உண்மை அவங்க வீட்டுல ஐம்பது வருஷமா இருக்கு, ஐயா. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம்."

கலியமூர்த்தி நிமிர்ந்தார்.

அருள்நங்கை ஒரு கத்தரிக்கோலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். "அவங்க கேட்ட மாதிரியே வெட்டுங்க."

படம் அவர் மடியில் இருந்தது. வலது பக்கம், மணலில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள் பூங்காவனம். அவளுக்குப் பின்னால் ஓடும் ஒரு சின்ன முதுகு. அவளுக்கும் கல் தூக்கிய கைக்கும் நடுவில் விரலகலம் வெறும் மணல். அந்த வெறும் மணலில் கத்தரித்தார். கோடு கொஞ்சம் கோணலாகப் போனது.

அக்காவையும் தங்கையையும் உறையில் வைத்தார். "இன்னிக்கே கொடுத்துடறேன். நாளைக்கு நல்லதா வேற பிரிண்ட் போட்டும் தர்றேன்."

"தாங்க."

"மீதி?"

மீதித் துண்டு பாயில் கிடந்தது. படித்துறை, வெள்ளம், திரும்பிய தலைகள், ஓரத்தில் கல்லைத் தூக்கிய கை.

"மண்டபத்துல மாட்டியிருக்கறதை எடுத்துட்டு, இதை மாட்டுங்க" என்றார் அருள்நங்கை.

கலியமூர்த்தி அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார்.

"ஊரே வருதும்மா. இது யாரு கைன்னு கேட்பாங்களே."

"கேட்கட்டும், ஐயா. நீங்க பக்கத்துலதானே நிக்கப்போறீங்க."