வில்லேரிக் கரை வளைந்த கதை

அந்தக் காலத்தில், ஊர்வனவும் வாய் திறந்து பேசிய நாளில், இன்று வில்லேரி என்கிற ஊரின் ஏரிக்கரை நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. பதினெட்டுக் கிராமங்களுக்கு அதுதான் தலையூர். சந்தையும் அங்கேதான், வழக்கும் அங்கேதான். தண்ணீர் கிட்டத்தில் இருக்கட்டும் என்று பாறைமேட்டை விட்டுவிட்டுக் கரைக்குக் கீழேயே நாற்பது வீடுகள் கட்டியிருந்தார்கள்.

மடையைத் திறந்து மூடும் வேலை சடைச்சிக்கு. அந்த ஐப்பசியில் ஏழு நாள் மழை விடவில்லை. எட்டாம் நாள் காலையில் கரைமேல் நடந்தவள் சட்டென்று நின்றாள். காலுக்கடியில் ஏதோ உறிஞ்சுகிற சத்தம். இறங்கிப் பார்த்தாள். கரையின் அடியில் தண்ணீர் கசிந்தது. தெளிந்த கசிவென்றால் பயமில்லை. இது செம்மண்ணாய்க் கலங்கி வந்தது. கரை உள்ளுக்குள்ளேயே கரைகிறது.

கரையில் ஓர் உடும்பு குடியிருந்தது. "உன் வளைய எதுவரைக்கும் தோண்டியிருக்கே? உண்மையச் சொல்லு" என்று கேட்டாள்.

உடும்பு நாலாபக்கமும் பார்த்தது. "முட்டை வைக்கத் தோண்டினேன். அந்தப் பக்கம் வரைக்கும் போயிடுச்சு. ஓடிப்போயிடு சடைச்சி, பொழுது சாயுறவரை தாங்காது."

அவள் ஊர்த்தலைவரான நாட்டாரிடம் ஓடினாள். ஓலைக்குடையோடு அவர் வந்தார். பின்னால் ஊரே வந்தது. முட்டைகளைத் தோண்டி எறிந்துவிடுவார்களே என்று உடும்புக்கு நடுக்கம்.

"வளையா? ஒரு சாணுக்கு மேல இல்லீங்க. மழையப் பாத்து மிரண்டுட்டா" என்றது.

"கேட்டியா?" என்றார் நாட்டார். "தலையூர்க்காரன் உடும்பு வளைக்குப் பயந்து ஓடினான்னு பதினெட்டு ஊரும் சிரிக்கும். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

கூட்டம் திரும்பியது. ஒருத்தி இடுப்புக் குழந்தையோடு கரையிலிருந்து கீழே இறங்குவதைச் சடைச்சி பார்த்தாள். அதற்குமேல் பொறுக்கவில்லை. பாய்ந்து உடும்பின் நாக்கைப் பிடித்தாள்.

"எனக்கு ஒரு பேச்சு, அவருக்கு ஒரு பேச்சா? ஒண்ணைச் சொல்லு!"

உடும்பு பின்னுக்கு இழுத்தது. அவள் விடவில்லை. நகம் பதிந்த நாக்கு நுனியிலிருந்து இரண்டாகக் கிழிந்தது.

"ஓட்டை இருக்கு! ஓடுங்க!" என்று ரத்தத்தோடு அலறியது உடும்பு. அதுவே அது பேசிய கடைசிப் பேச்சு.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே பாறைமேட்டுக்கு ஓடியது. நாட்டார் மட்டும் தம் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். சடைச்சி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கய்யா!"

"சொன்ன சொல்லை எந்த முகத்தோட திருப்பி வாங்குவேன், சடைச்சி?" என்றார் அவர். படியை விட்டு எழவில்லை.

பின்னால் இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். அவள் அந்தக் கையை விட்டுவிட்டு ஓடினாள். பாறைமேல் ஏறித் திரும்பிப் பார்த்தபோது நாற்பது வீடுகளும் இல்லை, வாசற்படியும் இல்லை, முட்டைகளும் இல்லை. எங்கும் செந்நீர் சுழன்றது.

கரை உடைந்த இடம் ஆழம் தெரியாத மடுவாகிவிட்டது. எத்தனை வண்டி மண் கொட்டியும் தூர்ந்துபோகவில்லை. கடைசியில் அதைச் சுற்றி வில்லாக வளைத்துப் புதுக்கரை போட்டார்கள். ஊரையும் பாறைமேட்டில் கட்டினார்கள்.

அன்று முதல்தான் உடும்புக்கு நாக்குப் பிளந்தது, பேச்சும் போனது. அன்று முதல்தான் மழைநாளில் அந்த வளைவைக் கடக்கும் வில்லேரிக்காரர் எவரும் வாய் திறப்பதில்லை, காலுக்கடியில் அந்தச் சத்தம் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டே போகிறார்கள்.