புகை விடாத வண்டி

மூன்று சகோதரர்களும் நல்லவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அதற்கு இடம் வராது.

மூத்தவன் சென்னியப்பன், நடுவன் நாச்சிமுத்து, இளையவன் ஆறுச்சாமி. ஆறுச்சாமியின் மனைவி பூங்கொடி பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். குழந்தைக்கு ஐந்தாம் மாதம். அன்றே அழைத்துவந்தால் உண்டு. மறுநாள் ஆடி பிறக்கிறது. பிறந்துவிட்டால் ஆவணி வரை அனுப்பமாட்டார்கள். மாமனார் குப்பண்ணனோ, "புகை கக்கற வண்டியில என் பேரனை ஏத்தமாட்டேன். சான்றிதழோட வாங்க மாப்ள" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

முந்தின நாள் மாலை, அவர்களுடைய காரின் பழுதை நீக்கிய மெக்கானிக் தம்புராஜ், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சிறு கருவியைச் செருகினார்.

"வண்டிக் கம்ப்யூட்டர்ல இருந்த பழைய பழுதுப் பதிவையெல்லாம் அழிச்சிட்டேனுங்க. புகைக்குழாய், சென்சார் எல்லாத்தையும் வண்டி ஓடிக்கிட்டே தானா சோதிச்சுக்கும். முடிஞ்சா இந்தச் சிவப்பு விளக்கு பச்சையாகும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்புங்க. பைபாஸ்ல சீரா அறுபதுல போங்க, முள் ஆடக்கூடாது. அப்புறம் பிரேக்கை மிதிக்காம, வேகம் தானாக் குறையட்டும்."

அன்று காலை எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"குளிர்ச்சிக்கு மோருதான்" என்று நாச்சிமுத்து ஒரு சொம்பு கொண்டுவந்தான்.

"எந்த வாயில ஊத்தறது? ஆயில் ஊத்தறதுலயா, பெட்ரோல் ஊத்தறதுலயா?" என்று கேட்டான் சென்னியப்பன். தம்பிகளில் ஒருவன் ஆயில் என்றான், மற்றவன் பெட்ரோல் என்றான்.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தபடியால், மோரை அவர்களே குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பைபாஸில் சென்னியப்பன் ஓட்ட, முள் அறுபதைத் தொட்டது. மூவரும் குனிந்து முள்ளையே பார்த்தார்கள்.

"ஏண்ணா, ஒருத்தராச்சும் ரோட்டைப் பார்க்கலாமே?" என்றான் ஆறுச்சாமி.

"மெக்கானிக் முள்ளைத்தான் பார்க்கச் சொன்னாரு. ரோட்டைப் பத்தி எதாச்சும் சொன்னாரா?"

"சொல்லலை."

"அப்புறம்?"

எதிரே வந்த லாரிக்காரர்கள் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவர்களாக இருந்ததால் விபத்து ஒன்றும் நேரவில்லை.

பிறகு சென்னியப்பன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். வேகம் மெல்லக் குறைந்து, குப்பண்ணன் வீட்டு வாசலை அடைந்தபோது வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பூங்கொடி இடுப்பில் குழந்தையோடும் கையில் பையோடும் காத்திருந்தாள். வண்டி அவளைக் கடந்தது. அவள் கூடவே நடந்தாள்.

"ஏனுங்க மாமா, நிறுத்துங்க!"

"பிரேக்கை மிதிக்கக்கூடாதாம் கண்ணு. சோதனை நடக்குது" என்றான் சென்னியப்பன்.

"அப்ப கதவைத் திறங்க, நானே ஏறிக்கறேன்."

"சான்றிதழ் இல்லாம உன்னை ஏத்துனா உங்கப்பா கோவிச்சுக்குவாரு."

"இந்த வேகத்துக்கு ஆவணியிலதான் ஊர் போய்ச் சேருவோம்" என்று அவள் முன்னால் நடந்துபோய், அடுத்த மரத்தடியில் நின்று, வண்டி வந்து சேரும்வரை குழந்தைக்கு வேடிக்கை காட்டினாள்.

அப்போது பச்சை விளக்கு எரிந்தது.

பக்கத்திலேயே இருந்த சோதனை நிலையத்தில் சான்றிதழும் கிடைத்தது. சென்னியப்பன் அதை இருமுறை வாசித்துவிட்டு முகம் வாடினான்.

"டேய், வண்டி சுத்தம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. இப்பக் கிளப்புனா மறுபடியும் புகை வருமே?"

"வருமே!" என்றான் நாச்சிமுத்து.

"வந்தா, இதுல எழுதியிருக்கறது பொய்யாயிருமே?"

ஆறுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்கு எட்டிய மனைவியை இழக்க அவன் தயாராக இல்லை. "கிளப்பவே வேண்டாம்ணா. தள்ளிக்கிட்டே போயிரலாம்."

அப்படியே மாமனார் வீட்டுக்குத் தள்ளிவந்தார்கள். குப்பண்ணன் புகைக்குழாயில் கையை வைத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "துளி புகை இல்லை! வண்டின்னா இதுதான் வண்டி" என்று மகளையும் பேரனையும் தாமே ஏற்றிவிட்டார். பூங்கொடி அப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், ஜன்னலை ஏற்றிக்கொண்டாள்.

மூத்தவன் என்ற முறையில் சென்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடிக்க, தம்பிகள் இருவரும் தள்ளினார்கள். மேடு வந்தது. களைத்துப்போன நாச்சிமுத்து ஒரு கையால் தள்ளியபடியே மறு கையால் பீடியைப் பற்றவைத்தான்.

கண்ணாடியில் அதைக் கண்ட சென்னியப்பன் அலறினான்: "அணைடா அதை! இப்ப இந்த வண்டிக்கு எஞ்சினே நீதான். நீ புகை விட்டா சான்றிதழ் என்னத்துக்கு ஆகும்?"

நாச்சிமுத்து பீடியை வீசி எறிந்தான். ஏற்கெனவே உள்ளே இழுத்துவிட்ட புகை வெளியே வந்துவிடக்கூடாதே என்று வாயை இறுகப் பொத்திக்கொண்டு, வீடு வரை அப்படியே தள்ளினான்.