தாம்பாளத்துக்கு ஒரு தராசு

பன்னிரண்டு மணிக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். அதற்குள் நல்ல டிஜிட்டல் தராசோடு வந்து சேராவிட்டால் வேலையே கிடையாது என்று சொல்லித்தான் சமையல்காரி பேச்சியம்மாளை வீட்டம்மா அனுப்பியிருந்தாள். கடைக்குள் அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

பாத்திரக்கடை முதலாளி சந்தானராஜோ நாற்காலியை விட்டு அசையாமல், உள்ளங்கை அகலத் தராசு ஒன்றை மேஜையில் தள்ளினார்.

"ஒரு சிட்டிகை உப்பைக்கூடக் காட்டும். கரண்டி பிடிக்கிற உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? எங்க, இதுல ஒரு குறை சொல்லு பாப்போம்!"

பேச்சியம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். சப்பாத்தி மாவு பிசையும் அகலத் தாம்பாளத்தை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். பையிலிருந்து அதை எடுத்துத் தராசின் மேல் வைத்தாள். கடையில் கிடந்த கரண்டிகளை அதில் அள்ளிப் போட்டாள்.

"எடை எவ்வளவு முதலாளி?"

எண் தெரியும் இடம் தாம்பாளத்துக்கு அடியில் மறைந்துபோயிருந்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். எழுந்தார், குனிந்தார், கடைசியில் கன்னம் மேஜையில் படியச் சாய்ந்தார். மூக்குக்கண்ணாடி நழுவி விழுந்தது. கடையே சிரித்தது.

"குறைன்னு ஒண்ணும் இல்ல முதலாளி," என்றாள் பேச்சியம்மாள். "தினமும் எங்க அடுப்படிக்கு வந்து இப்படிக் குனிஞ்சு பாத்துச் சொல்றதா இருந்தா, இதையே கட்டிக் குடுங்க."