பழைய பெட்டி, புது லேப்டாப்

“டீச்சர், இதுல எது வேகம்? நீங்களே சொல்லுங்க.”

பட்டுராஜன் அண்ணாச்சி ஸ்டெல்லா டீச்சர் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இரண்டையும் இறக்கினார். ஒன்று, இத்தனை வருஷமாக அவர் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிய டெஸ்க்டாப். மற்றது, கடைக்காரருக்குக் கண் கலங்கும்வரை பேரம் பேசி நேற்று வாங்கிய லேப்டாப்.

“என்ன அவசரம் அண்ணாச்சி?”

டீச்சர் அவரைவிட வயதில் சின்னவர். எடிட்டிங் சொல்லிக்கொடுத்தவர்.

“இன்னைக்குக் காலையில ஒரு கல்யாணம். பொண்ணோட அம்மா ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில கிடக்காங்க. சாயங்காலம் ஆபரேஷன். உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி மக கழுத்துல தாலி ஏறுறதப் பாத்துடணுமாம். வெட்டி ஒட்டியாச்சு. ரெண்டர் போட்டுப் படமா எடுக்கணும், அவ்வளவுதான். எதுல போட?”

டீச்சர் கை நீட்டினார். அண்ணாச்சி கல்யாணம் இருந்த பென் டிரைவைக் கொடுத்தார். கொடுத்ததை அப்போதே மறந்தார். லேப்டாப்பில் வேகம் அளக்கும் சோதனை ஓட ஆரம்பித்திருந்தது.

வெளியே மழை பிடித்தது.

“ராத்திரியே பழசுக்கும் ஓட்டிப் பாத்தேன். இது ரெண்டு மடங்கு மார்க்கு.”

“ம்.”

இன்னொரு தரம் ஓடவிட்டார். லேப்டாப் சுட்டது. மார்க்கு இறங்கியது.

“களவாணிப்பய, என் தலையில கட்டிட்டான். நாளைக்கு அவன் கடை வாசல்ல நின்னு கேக்கேனா இல்லையா பாருங்க.”

“ம்.”

ஃபேனுக்கு அடியில் வைத்தார். ஏறியது. மடியில் வைத்தார். இறங்கியது.

எங்கோ சீராக ஒரு முனகல். மழைதான் என்று நினைத்தார். ராத்திரியெல்லாம் உறங்காத கண் சொருகியது.

சந்தை. தரையெல்லாம் மேகம். அண்ணாச்சி இரண்டு மாடுகளின் வாயைப் பிளந்து பல் பார்க்கிறார். துண்டுக்கடியில் தரகன் விரலைப் பிடித்து விலை பேசுகிறார். பொழுது சாய்கிறது, பேச்சு தீரவில்லை. தள்ளி ஒரு வண்டி, மாடு பூட்டாமல் நிற்கிறது. கல்யாணப் பெண்ணின் அம்மா பட்டுச் சேலையில் அதில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் கண் சாய்கிற பொழுதின் மேலேயே இருக்கிறது.

திடுக்கிட்டு விழித்தார். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. முனகல் நின்றிருந்தது.

“டீச்சர், படம்… இன்னும் எதுலயும் போடலையே.”

டீச்சர் அவர் உள்ளங்கையில் பென் டிரைவை வைத்தார். சூடாக இருந்தது.

அண்ணாச்சி மெல்லத் திரும்பினார். திரை அணைந்த பழைய பெட்டியிலிருந்து வெக்கை வந்துகொண்டிருந்தது.

“அப்ப, இதுதான் வேகமா?”

“புதுசுல போட்டிருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும் அண்ணாச்சி. நீங்க அத விடலையே.”

வாசலில் அவர் வந்த ஆட்டோ நின்றது. டீச்சரின் ஸ்கூட்டர் நின்றது.

“எதுல போனா…” என்று வாயெடுத்தார்.

சொல்லி முடிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, இறுக மூடிய கையோடு, மழைக்குள் ஓடிக்கொண்டிருந்தார்.