நீர்மதில் நகரத்து முரசு

தும்... தும்... ஈரத் தோலில் கோல் விழும் மந்தமான ஒலி. வெகுகாலத்துக்கு முன் ஓர் ஆற்றங்கரையில் கேட்டது. இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. இந்தக் கதையின் முரசும் அப்படித்தான் ஒலித்திருக்க வேண்டும்.

வயிரமாறன் என்றொரு அரசன் ஏழு நாடுகளை வென்று, இனி எல்லாம் ஒரே நாடு என்று அறிவித்தான். அறிவித்து என்ன? அவையில் ஏழு தலைவர்களும் ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். உப்புநாட்டார் குடித்த செம்பை மலைநாட்டார் தொடமாட்டார்.

அவை கூடியது நீர்மதில் என்ற சந்தை நகரத்தில். ஏழு நாட்டாரும் வந்துபோகும் ஊர். எவருக்கும் சொந்தமில்லாத ஊர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கரைக்கு ஆபத்து என்றால் முரசு ஒலிக்கும். ஊருக்குள் யார் இருந்தாலும் மண்கூடை தூக்க வேண்டும். வீணாக அடித்தவனுக்குக் கை போகும்.

அமைச்சர் விழுப்பரையர் மலையில் பிறந்தவர். "மன்னா, எவனுக்கும் சொந்தமில்லாத ஊருக்கு மதில் எதற்கு? இடித்துக் கல்லை எடுப்போம். புதுத் தலைநகர் கட்டலாம்" என்றார்.

அரசன் அந்த ஊர்க்காரனான அவைப்புலவன் சேந்தனைப் பார்த்தான். "என்ன சொல்கிறாய்?"

"இந்த ஊர் இல்லாவிட்டால் உங்கள் நாடு பிறக்காது, மன்னா."

"அப்படியா? பொழுது சாய்வதற்குள் ஏழு நாட்டாரும் சேர்ந்து ஒரு வேலை செய்வதைக் காட்டு. காட்டாவிட்டால் நாளை மதிலில் கடப்பாரை விழும்."

சேந்தன் வணங்கிவிட்டு வெளியே போனான். சற்று நேரத்தில் முரசு ஒலித்தது.

சந்தையில் உப்பு மூட்டையும் தேன்குடமும் நடுத்தெருவில் நின்றன. கூட்டம் ஆற்றுப் பக்கம் ஓடியது. முடியைக்கூட அணியாமல் இறங்கி வந்த அரசனின் கையில் மோர்க்காரி ஒருத்தி கூடையைத் திணித்தாள்.

"வேடிக்கை பார்க்கவா வந்தீர்? பிடியும்."

"அம்மா, நீ எந்த நாடு?"

"கரை போனால் எந்த நாடு மிஞ்சும்? பேச்சை விட்டுக் கூடையை நகர்த்தும்."

அரசன் நகர்த்தினான். அதை வாங்கியவர் உப்புநாட்டுத் தலைவர். அவர் கொடுத்தது மலைநாட்டுத் தலைவரிடம். இருவர் முகத்திலும் ஒரே சேறு. மலைநாட்டார் செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு நீட்டினார். உப்புநாட்டார் வாங்கிக் குடித்தார்.

விழுப்பரையர் மட்டும் ஆற்றை எட்டிப் பார்த்தார். முழங்கால் அளவு நீர்.

"வெள்ளமே இல்லை மன்னா. வீண் முரசு. முரசடித்த இந்தச் சேந்தன் கையை வெட்டச் சொல்லுங்கள்."

கூடைகள் நின்றன. அரசன் முகம் இறுகியது. "சேந்தா, என்ன பதில்?"

சேந்தன் கையை நீட்டியபடியே சொன்னான். "மன்னா, இந்த ஊருக்கு மதில் வேறு, கரை வேறு அல்ல. நீங்கள் நிற்பது மதில்மேல்; அதுதான் கரை. நாளை இதை இடிக்க ஆணை. கரைக்கு ஆபத்து வந்தால் முரசு அடி என்பது வழக்கம். ஆறு உடைத்தால் என்ன, அரசர் உடைத்தால் என்ன?"

அரசன் சேற்றுக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மதில் தப்பியது. தலைநகரும் அங்கேயே அமைந்தது. சேந்தனுக்கு ஆற்றோரம் இருபது வேலி நிலம் கிடைத்தது.

மதிலை இடிக்கச் சொன்ன விழுப்பரையர் அரசன் ஆணையால் கரைக் காவல் அதிகாரியானார். அந்த ஊரிலேயே பெண்ணெடுத்து, பதினெட்டு ஆண்டுகள் அந்த வேலையைச் செய்து, அங்கேயே இறந்தார்.