பெரிய பெட்டி கூப்பிட்ட பேர்

ஒரு குரலைப் பிரித்து ரெண்டு பெட்டிக்குக் கொடுக்கிற கிராஸ்ஓவர் இருக்கிறதே, அது ஆளைப் பார்த்துப் பிரிக்குமா, சொல்லுங்கள்?

குளத்து மேலே பனி தூங்கிக்கொண்டிருந்த மார்கழிக் காலை அது. கோயில் விழாவுக்கு மைக் செட் கட்டினாள் பொன்னுருவி. தரையில் ஆளுயரப் பெட்டி, அதன் தலையில் தேங்காய்மூடி மாதிரி சின்ன ஸ்பீக்கர்.

ஊர்த் தலைவர் சேஷாசலம் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "முதல் மரியாதைக்கு என் பேர் பெரியதுல மட்டும்தான் வரணும். இந்தச் சுண்டைக்காயில வந்தா எனக்கென்ன மதிப்பு? முடியாதுன்னா இனிமே இந்த ஊருக்கே செட்டைக் கொண்டு வராதே."

"அதுக்கென்னங்க, ஆகட்டும்" என்று சின்னதின் ஒயரை உருவிவிட்டாள் பொன்னுருவி.

மைக்கில் பேர் சொன்னார்கள். தண்ணிக்கடியில் எருமை கனவு காண்கிற மாதிரி "ஊ… ஓ… ம்ம்" என்று ஒரு முனகல் பனியில் மிதந்து வந்தது. மடியிலிருந்த குழந்தைகள் சொக்கிப்போயின. பேர் காதில் விழாமல் மாலை எடுப்பது அந்த ஊர் வழக்கமில்லை. பூசாரி மாலைத் தட்டோடு அப்படியே நின்றார்.

"என் பேர் எங்கேம்மா?"

"கனத்த முழக்கம் பெரியதுக்குப் போச்சுங்க. 'சே', 'ஷா'ன்னு சீறுற மெல்லிசு சத்தமெல்லாம் சின்னதோட பங்கு. அதைத்தான் நீங்க வேண்டாம்னுட்டீங்க. கிராஸ்ஓவருக்குச் சத்தத்தைத்தான் பிரிக்கத் தெரியும், ஆளைத் தெரியாதுங்க."

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சேஷாசலம் மாலையைப் பார்த்தார். பிறகு பொன்னுருவி பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்.

"அந்தச் சின்னதையும் சேர்த்துவிடு தாயி."